பேனா எழுதுதான்னு பாத்தேன்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் நகத்திக்கிட்டீங்கன்னா நான் காலை நீட்டிக்குவேன். திருச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலயே ஏர்போர்ட் வாசல்ல எறங்கிருவேன். புதுக்கோட்டை வழியா போற வண்டியில அது ஒரு வசதி.

பிளைட்டு ரெண்டரைக்குத்தான் வருது. பத்து இருபதுக்கே இந்த ஆளு எதுக்கு பஸ் ஏறினான்னு நீங்க நெனைக்கலாம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல ராகுகாலம், அதுக்குள்ள கெளம்பிருங்கன்னு என் துணைவியார் சொன்னா. எனக்கு அதுல துளிகூட நம்பிக்கை கெடையாது, அதை மொதல்லயே சொல்லிடுறேன். நான் கெளம்பினது வெயிலுக்காக. பத்தரைக்கு மேல வெயில் ஏறிரும் பாருங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

பையனைக் கூட்டிட்டு வரப் போறேன். ஒரே பையன், பேரு பகலவன். சுவீடன்ல படிச்சுட்டு வர்றான். முழுப் படிப்பும் இல்ல, ஒரு செமஸ்டரு. இங்க காலேஜ்ல படிக்கிறவனை அங்க அனுப்புவாங்க, அங்க எழுதின பரிட்சை மார்க்கு இங்க சேந்துரும். பரிமாற்ற மாணவன்னு பேரு. போனோமா, படிச்சோமா, வந்தோமான்னு முடிய வேண்டிய விஷயம். ஒரு பேனாக் கீறலுக்காக அவனைப் பாதியில ஊருக்கு அனுப்பப் பாத்தாங்க தம்பி. ஒரு கீறல், இத்தனூண்டு. கடைசியில என்னோட ஒரு கடுதாசிதான் அவனைக் காப்பாத்துச்சு. நான் சும்மா சொல்லல, ஆதாரம் இந்த போன்ல இருக்கு, அப்புறம் காட்டுறேன்.

நான் மின்வாரியத்துல முப்பத்தஞ்சு வருஷம். லைன்மேனா சேந்து போர்மேனா ரிடையர் ஆனேன். அறந்தாங்கியில கரண்டு விநாயகம்னு கேட்டீங்கன்னா சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். விநாயகமூர்த்தி எங்க அப்பா அம்மா வச்ச பேரு. இருபத்திரண்டு வயசுல எங்க ஊரு சிந்தனை மன்றத்துல சேந்தேன், சேந்த அன்னைக்கே அறிவரசன்னு மாத்திக்கிட்டேன். முப்பத்தெட்டு வருஷமா நான்தான் செயலாளர். உறுப்பினர் ஒம்பது பேரு, அதுல கூட்டத்துக்கு வர்றது நாலு பேரு, வடை உண்டுன்னா அஞ்சு. கெசட்டுல மட்டும் பேரை மாத்தல. மாத்தணும் மாத்தணும்னே இருந்தேன், கல்யாணம், டிரான்ஸ்பர், வீடு கட்டுறதுன்னு தள்ளிப் போயிருச்சு. அதனால ரேஷன் கார்டுல இருந்து பென்ஷன் புத்தகம் வரைக்கும் இன்னும் விநாயகமூர்த்திதான்.

சிரிக்காதீங்க. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் மடக்கப் பாப்பாங்க. ஏங்க, கண்ணுக்குத் தெரியாததை நம்ப மாட்டேங்கிறீங்களே, கரண்டு மட்டும் கண்ணுக்குத் தெரியுதான்னு ஒருத்தன் கேட்டான். தெரியாது, ஆனா தொட்டுப் பாருன்னு சொன்னேன். அதோட அவன் அந்தக் கேள்வியக் கேக்குறதில்ல.

பையன் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவன். என் துணைவியார் தையல்நாயகி ஏறாத கோயில் இல்ல, சுத்தாத மரம் இல்ல. நான் தஞ்சாவூர்ல ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டுல எது பலிச்சுதுன்னு இன்னைய வரைக்கும் எங்க வீட்டுல விவாதம் முடியல. எது பலிச்சா என்ன, பிள்ளை தங்கமான பிள்ளை. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவங்க அம்மா திருநீறு பூசினா நெத்தியக் காட்டுவான், தெருமுனை தாண்டினதும் எனக்காக அழிச்சுருவான். ரெண்டு பேரையும் பகைச்சுக்க மாட்டான், அப்படி ஒரு புத்தி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவன் காலேஜ்ல இருந்து ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஒண்ணு நம்ம பையன். இன்னொண்ணு அவன் கிளாஸ்லயே படிக்கிற பொண்ணு, நித்யகல்யாணி, மாயவரத்துப் பக்கம். பேரைக் கேட்டாலே தெரியும், பக்தியான குடும்பம். ஜனவரியில ரெண்டு பேரும் ஒரே பிளைட்டுல போனாங்க. அந்த ஊரு பேரு என் வாய்க்குள்ள நுழையாது, வடக்கே எங்கயோ இருக்கு. காலையில ஒம்பது மணிக்கு விடிஞ்சு மூணு மணிக்கெல்லாம் இருட்டிருமாம். பகலவன்னு பேரு வச்ச பிள்ளையப் பகலே இல்லாத ஊருக்கு அனுப்பிட்டியேன்னு மன்றத்துல ஒரே கிண்டல்.

ஆனா ஒண்ணு தம்பி, ஊருன்னா அது ஊரு. துணி துவைக்கிற மிஷினுக்கு முன்பதிவு பண்ணணுமாம். பையன் அஞ்சு நிமிஷம் லேட்டாத் துணிய எடுத்திருக்கான். அடுத்து வந்த ஒரு அம்மா ஒண்ணுமே பேசல, கதவுல சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயிட்டாங்களாம். உங்களால என் நேரத்துல அஞ்சு நிமிஷம் போச்சுன்னு எழுதி, கீழ அன்புடன்னு போட்டு. இவனுக்கு வருத்தமாப் போச்சு. நான் போன்லயே சொன்னேன், வருத்தப்படாதடா, அதுதான் நாகரிகம், சட்டம்னா யாருக்கும் சட்டம்தான்னு. அதை மன்றத்துலயும் போய்ச் சொன்னேன். அதே சட்டம் நம்ம பிள்ளை கழுத்துக்கு வரும்னு அப்ப யாருக்குத் தெரியும்.

மார்ச்சுல பரிட்சை. அங்க பரிட்சைத் தாள்ல பேரு எழுதக் கூடாது, ஒரு நம்பருதான். யாரு எழுதினதுன்னு திருத்துறவருக்குத் தெரியவே கூடாது. தாள்ல அடையாளம் காட்டுற மாதிரி ஒரு புள்ளி வச்சாக்கூடக் குத்தம். ரொம்ப நல்ல ஏற்பாடு, இப்பவும் சொல்லுவேன். நம்ம பையன் எட்டுப் பக்கம் எழுதியிருக்கான். எட்டுப் பக்கத்துலயும் மேல நட்டநடுவுல ஒரு சுழிப்பு, கீழ ஒரு சின்னக் கோடு.

நீங்க இப்ப என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். பிள்ளையார் சுழின்னு நெனைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது பிள்ளையார் சுழி இல்ல தம்பி. பேனா எழுதுதான்னு பாக்குறது. எடுத்த எடுப்புல எழுத ஆரம்பிச்சா மை எறங்காது, மொத எழுத்து விட்டுப் போயிரும். அதுக்காக மேல ஒரு சுழி சுழிச்சுப் பாத்துக்கிறது. நான் வேலைக்குச் சேந்த காலத்துல இருந்து அப்படித்தான். சவரிமுத்துன்னு என் கூட வேலை பாத்தவரு ஒரு நாள் ரிஜிஸ்டரைப் புரட்டிட்டுக் கேட்டாரு, என்ன அறிவரசு, மன்றத்துல இல்லங்கிற, ரிஜிஸ்டர்ல இருக்குங்கிறன்னு. பேனா எழுதுதான்னு பாத்தேன்னு சொன்னேன். ரிஜிஸ்டரை மூடி என் கையில குடுத்துட்டு அவரு வேலையப் பாக்கப் போயிட்டாரு. அன்னையில இருந்து யாரு கேட்டாலும் அதான் பதில்.

பையன் ரெண்டாங் கிளாஸ் படிக்கிறப்ப என் பக்கத்துல உக்காந்து எழுதுவான். அவனும் கேட்டான், ஏம்பா மேல இது போடுறீங்கன்னு. அவனுக்கும் அதையேதான் சொன்னேன். அன்னையில இருந்து அவனும் போட ஆரம்பிச்சான். பென்சில்ல எழுதினாலும் போடுவான். பென்சிலுக்கு என்னடா சோதனைன்னு நான் கேக்கல, நல்ல பழக்கம்தானேன்னு விட்டுட்டேன்.

இப்ப அந்தப் பொண்ணும் அதே பரிட்சை எழுதியிருக்கு. அதுவும் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டிருக்கு. அது பக்தியில போட்டது, அது வேற. திருத்துற வாத்தியாரு அறுவது பேரு தாளைத் திருத்துறாரு. அம்பத்தெட்டுத் தாள்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு தாள்ல மட்டும் ஒரே மாதிரிக் குறி, ஒரே இடத்துல. அவரு என்ன நெனைப்பாரு? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு யாருக்கோ சாடை காட்டுறாங்கன்னுதானே நெனைப்பாரு. மேல எழுதிப் போட்டுட்டாரு. ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அஞ்சு பேரு. குத்தம்னு தீர்ப்பானா ரெண்டு பேரையும் நிறுத்திருவாங்க, அந்த செமஸ்டரு போச்சு. இங்க வந்தா ஒரு வருஷம் போச்சு. காலேஜ்ல வேலைக்கு எடுக்க வர்ற கம்பெனிக்காரன் கேக்குற மொத கேள்வியே, சுவீடன்ல என்னப்பா தப்பு பண்ணுனங்கிறதாத்தான் இருக்கும். என் பிள்ளை தலை குனிஞ்சு நிக்கணும், அதுவும் செய்யாத தப்புக்கு.

மொதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. அது உள்ளதைச் சொல்லிருச்சு. இது எங்க சாமிக்கு உரிய குறி, எதை ஆரம்பிச்சாலும் இதைப் போட்டுத்தான் ஆரம்பிப்போம், எங்க ஊர்ல எல்லாரும் போடுவாங்கன்னு. அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. அடுத்து நம்ம பையனைக் கூப்பிட்டாங்க. தலைவி ஒரு அம்மா, இங்ரித்னு பேரு, ரொம்பத் தன்மையாப் பேசுவாங்களாம். இந்தக் குறி என்னதுன்னு கேட்டாங்க. பேனா எழுதுதான்னு பாத்தேன், எங்க அப்பா சொல்லிக் குடுத்ததுன்னு சொல்லிட்டான்.

எட்டுப் பக்கத்துக்கும் பாத்தீங்களான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னான். பக்கத்துக்குப் பக்கம் பேனாவை மாத்துனீங்களா? இல்லன்னான். இன்னொரு மாணவி இதே குறியத்தான் போட்டிருக்காங்க, அவங்களும் பேனாவைத்தான் சோதிச்சாங்களா? அது எனக்குத் தெரியாதுன்னான். அவங்க இது கடவுள் குறின்னு சொல்றாங்களே? இருக்கலாம், என்னுது அது இல்லன்னான். எவ்வளவு தெளிவாப் பேசியிருக்கான் பாருங்க, என் பிள்ளை. எனக்குப் பெருமைதான். ஆனா குழுவுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரு சொல்றதும் ஒத்துப் போகல, அப்ப ஒருத்தர் பொய் சொல்றாங்கன்னு ஆயிருச்சு.

அதோட போச்சான்னா போகல. நம்ம ஆளுங்களுக்குக் குடும்பப் பேரு ஏது? பாஸ்போர்ட்ல அப்பா பேரைத்தான் போடுறாங்க. அங்க அவனை மிஸ்டர் விநாயகமூர்த்தின்னுதான் கூப்பிடுவாங்களாம். அந்தம்மா நல்ல எண்ணத்துலதான் கேட்டிருக்காங்க, உங்க குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம்னு. இவன் முழிச்சிருக்கான். வெளிய உக்காந்திருந்த அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. அது பாவம், சூதுவாது தெரியாத பிள்ளை. நான் சொன்ன சாமியோட பேருதான் அதுன்னு சொல்லிருச்சு.

அஞ்சு பேரும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்களாம். கெசட்டுல பேரை மாத்தாம விட்டது எங்க வந்து நிக்குது பாத்தீங்களா.

இங்ரித் அம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்களாம். பதினோரு நாள் டைம் தர்றோம், உங்களுக்கு இது நாள்பட்ட பழக்கம்தான்னு காட்ட ஆதாரம் ஏதாவது இருந்தா அனுப்புங்கன்னு. ஆதாரம்னு கேட்டதும் எனக்கு அந்தம்மா மேல ஒரு மரியாதையே வந்துருச்சு. பையன் போன் போட்டு, அப்பா, என் பழைய ஸ்கூல் நோட்டெல்லாம் இருக்கான்னு கேட்டான். எங்க இருக்கு? தையல்நாயகி அத்தனையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டு ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்கிட்டா. அந்தக் கூடையப் பாக்குறப்பெல்லாம் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அப்படின்னா நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கப்பான்னான்.

அன்னைக்கு வீட்டுல சண்டை. அவ சொன்னது இதுதான்: "ரெண்டே வரி. இது பிள்ளையார் சுழி, எங்க குடும்பத்துல எல்லாரும் போடுவோம்னு எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு சொன்னதோட ஒத்துப் போயிரும், பிள்ளை தப்பிச்சுக்குவான். சுவீடன்காரன் வந்து உங்க மன்றத்துலயா சொல்லப் போறான்?"

நான் சொன்னேன், அவன் சொல்ல மாட்டான், ஆனா எனக்குத் தெரியுமேன்னு. பிள்ளைய விடக் கொள்கை பெருசான்னு கேட்டா. பதில் இருந்துச்சு, ஆனா அவ அழுதுக்கிட்டு இருந்தா. அழுறவங்ககிட்ட வாதம் பண்ணக் கூடாதுன்னு நானே மேடையில பேசியிருக்கேன்.

உண்மையச் சொல்லிடுறேன் தம்பி, பயந்துட்டேன். கம்பத்து உச்சியில நின்னு பதினோராயிரம் வோல்ட்டு லைன்ல வேலை பாத்தவன் நான், அப்பல்லாம் பயந்ததில்ல. அந்தப் பதினோரு நாளும் சாப்பாடு எறங்கல. நாலாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், தெரிஞ்ச மனுசன் ஒருத்தன் இல்லாத ஊர்ல, பிள்ளை கைகட்டி நிக்கிறான். நான் இங்க தாளை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எங்க தெருமுனையில ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு. அந்த நேரம் பாத்து அங்க டியூப் லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரிடையர் ஆனாலும் மின்வாரியத்துக்காரன், பாத்துக்கிட்டு சும்மா போக முடியுமா? மொத நாள் சாயங்காலம் போய் சோக்கு மாத்தினேன். மறுநாள் ஸ்டார்ட்டர் மாத்தினேன். மூணாம் நாள் லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது, இருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டு வருவோம்னு போனேன். அப்படியே பதினோரு நாளும் போக வேண்டியதாப் போச்சு. ஒரு வேலைய எடுத்தா முழுசாப் பாக்கணும். செருப்பா? வெளியிலதான் கழட்டிப் போட்டேன். கரண்டு வேலைக்குக் காலுல செருப்பு இருக்கணும்னு எனக்குத் தெரியும் தம்பி, டிபார்ட்மெண்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நான்தான். அது என்னமோ ஒரு அவசரத்துல கழட்டிட்டேன்.

கடைசியில ஒம்பதாம் நாள் கடுதாசிய எழுதினேன். டைப் அடிச்சா மதிப்பு இருக்காதுன்னு கைப்பட, இங்கிலீஷ்ல, ரெண்டு பக்கம். தையல்நாயகி சொன்ன மாதிரி எழுதல. ஒரு எழுத்தும் விட்டுக் குடுக்கல. ஐயா, அம்மா, நான் நாப்பது வருஷமாப் பகுத்தறிவாளன். எங்க வீட்டுல எந்தத் தாளோட தலையிலயும் எந்தச் சாமிக் குறியும் போடுற வழக்கம் கெடையாது. என் மகன் போட்டது பேனா எழுதுதான்னு பாக்குற கீறல். அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான், தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. என் பேரு விநாயகமூர்த்திங்கிறது கெசட்டுல நான் செஞ்ச தாமதம், அதுக்கும் அவன் பொறுப்பு இல்ல. இப்படி எழுதி, விநாயகமூர்த்தி என்கிற அறிவரசன்னு கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் எடுத்து மெயில் பண்ணச் சொன்னேன். தையல்நாயகி படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டா. கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. பிள்ளைய நீங்களே மாட்டி விட்டுட்டீங்கன்னா. அப்புறம் கடுதாசிய வாங்கி ஒரு தடவை பாத்தா. பாத்துட்டு, சரி அனுப்புங்கன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளும் கடைசியில என் வாதத்தை ஒத்துக்கிட்டான்னு நெனைச்சேன்.

பதினாலாம் நாள் தீர்ப்பு வந்துச்சு. இந்தாங்க, இதான். எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியாது, ரெண்டாவது பத்தியப் படிங்க. இங்கிலீஷ் கொஞ்சம் கெட்டியா இருக்கும், மெதுவாப் படிங்க.

என்ன, சிரிக்கிறீங்க?

சரி, குடுங்க, நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். மாணவருடைய தந்தை எழுதிய கடிதம் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. அக்கடிதத்தின் இரண்டு பக்கங்களிலும், மேற்புறத்தில், நடுவில், அதே குறி காணப்படுகிறது. ஆகவே இது அக்குடும்பத்தில் நெடுங்காலமாக உள்ள பழக்கம் என்று குழு முடிவு செய்கிறது. ரெண்டு மாணவர்களும் குத்தமற்றவங்க. முடிஞ்சுது.

பழக்கம்னு போட்டிருக்கான் பாருங்க. பக்தின்னா போட்டிருக்கான்? பழக்கம். நான் எழுதினதும் அதுதானே. ரெண்டு பக்கத்துலயும் அந்தக் கீறல் எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்க. நான் வேணும்னேதான் போட்டேன், செய்முறை விளக்கம் மாதிரி. வாயால சொன்னா நம்ப மாட்டான்னு கையால காட்டினேன். போட்டது எனக்கு ஞாபகம் இல்ல, அது வேற விஷயம். போட்டிருக்கேன்ல?

தையல்நாயகி நூத்தியெட்டுத் தேங்கா உடைக்கிறதா வேண்டிக்கிட்டாளாம். அவளுக்குத் தோள்பட்டை வலி, கையத் தூக்க முடியாது. அதுக்காக நான்தான் உடைச்சேன். நூத்தியெட்டும். தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு, மன்றத்துல ரெண்டு பேரும் நின்னாங்க. உடற்பயிற்சின்னு சொன்னேன். ஒருத்தன் தேங்காச் சில்லு பொறுக்கிட்டுப் போனான்.

கீரனூர் தாண்டியாச்சா? மாத்தூரு வந்துட்டா ஏர்போர்ட்டு வந்த மாதிரிதான்.

அந்தப் பொண்ணும் இன்னைக்கு இதே பிளைட்டுலதான் வருது. ரெண்டு டிக்கெட்டு சேத்துப் போட்டா விலை குறையுமாம், பையன் சொன்னான். அது வீட்டுல இருந்து யாரும் வரல. மொதல்ல நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு தையல்நாயகி சொல்லியிருக்கா. மாயவரம் போற பிள்ளை எதுக்கு அறந்தாங்கி வந்து சுத்திட்டுப் போகணும்னு எனக்கு விளங்கல. அவ என்னமோ காலையில இருந்து பாயசத்துக்குத் தேங்காப்பால் எடுத்துக்கிட்டு இருக்கா. எடுக்கட்டும், தேங்காய்க்கு என்ன பஞ்சம்.

இன்னொண்ணு இருக்கு தம்பி. சொல்ல வேண்டாம்னுதான் நெனைச்சேன். நான் எறங்கிப் போயிட்டா உங்களை எங்க பாக்கப் போறேன், சொல்லிடுறேன்.

தீர்ப்பு வந்த அன்னைக்குப் பையன் போன் பண்ணினான். சந்தோஷமாப் பேசினான், கடுதாசி பிரமாதம்பா, இங்ரித் அம்மா உங்களை விசாரிச்சாங்கன்னான். வைக்கப் போறப்ப கொஞ்சம் தயங்கினான். அப்புறம் சொன்னான்.

"அப்பா, அது என்னன்னு எனக்கு ஆறாங் கிளாஸ்லயே தெரியும்பா. அம்மா சொல்லிட்டாங்க."

எது என்னன்னு கேக்கலாமான்னு நெனைச்சேன். கேக்கல.

"அப்புறம் ஏன்டா அங்க போய்ப் பேனான்னு சொன்ன? அந்தப் பொண்ணு சொன்னதையே நீயும் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமேடா."

"அப்படிச் சொன்னா நீங்க சொன்னது பொய்யாயிருமேப்பா."

அவ்வளவுதான். வச்சுட்டான். அங்க துணி துவைக்கிற நேரம் வந்துருச்சாம்.

முப்பத்தெட்டு வருஷமா நான் மேடையில கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. ஒரு விஷயம் உண்மை இல்லன்னு தெரிஞ்சும் மனுசன் எப்படி அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு. தெரிஞ்சே நிக்கிறானே, அது என்ன புத்தின்னு கேப்பேன். கை தட்டுவாங்க. என் பிள்ளை அஞ்சு வெள்ளைக்காரங்களுக்கு முன்னால, படிப்பு போயிரும்னு தெரிஞ்சு, அப்படித்தான் நின்னிருக்கான். எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்? என்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். அந்த போனை வச்சதுல இருந்து நான் மன்றத்துல பேசல. தொண்டை சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.

தையல்நாயகி சொல்றா, இன்னைக்கு அவன் வந்ததும் ஒத்துக்கங்க, வயசான காலத்துல பிள்ளைகிட்ட என்ன வீம்புன்னு. ஒத்துக்கலாம். ஒரு வார்த்தை. எனக்கு அதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் ஒத்துக்கிட்டா, அவன் அங்க நின்னானே, அந்த நிப்பு என்னத்துக்கு ஆகும்? அவன் எனக்காக அவ்வளவு தூரம் காப்பாத்தி வச்சதை நானே போட்டு உடைக்கிறதா? தேங்காய உடைச்சாச்சு, அது போதும்.

இந்தா, ஏர்போர்ட்டுங்கிறான் கண்டக்டர். அந்த மஞ்சப் பையை எடுத்துக் குடுங்க தம்பி, அதுல அவனுக்கு முறுக்கு இருக்கு. அவன் கதவைத் தாண்டி வெளிய வந்ததும் மொத வார்த்தை என்ன பேசணும்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். கட்டிப் பிடிக்க மாட்டேன், அதெல்லாம் அவங்க அம்மா பாத்துக்குவா. நேரா முகத்தைப் பாத்துக் கேக்கப் போறேன், ஏன்டா பகலவா, அவ்வளவு பெரிய ஊர்ல ஒரு பேனா கூடவா ஒழுங்கா எழுதாதுன்னு.